அச்சுப் பிழையா, பிற்காலச் சேதமா? நாணயச் சேகரிப்பு: வாசகர் கேள்வி பதில்

பிழை நாணயங்களைப் பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, வெவ்வேறு காசுகளை முன்வைத்து ஒரே ஐயத்தைத்தான் எழுப்புகின்றன. காசில் காணும் குறை நாணயச்சாலையில் நேர்ந்ததா, வெளியே வந்த பிறகு நேர்ந்ததா என்பதே அந்த ஐயம். அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டின் எஃகு ஒரு ரூபாய் நாணயம் ஒன்று உள்ளது. சிங்க முகப்பில், விளிம்பிலிருந்து தொடங்கி எழுத்துகளின் ஊடே ஒரு கோடு செல்கிறது. சந்தையில் ஒரு வணிகர் இது ‘டை கிராக்’, அதாவது அச்சில் விழுந்த விரிசலின் தடம் என்கிறார். என் நண்பரோ வெறும் கீறல் என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? *(வாசகர், ஈரோடு)*

பதில்: அந்தக் கோடு மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, விளக்கொளி பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுமாறு காசைப் பிடித்தால் நிழல் விழும் பக்கத்தைக் கொண்டு இதை எளிதில் அறியலாம். மேடு என்றால் வணிகர் சொல்வது பெரும்பாலும் சரி; பள்ளம் என்றால் உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, காசு எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலோகப் பட்டையிலிருந்து வட்டமாக வெட்டப்படும் வெற்று வில்லை உலையில் சூடேற்றி மென்மையாக்கப்படுகிறது. பின்னர் விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் உருட்டப்பட்டு அதன் ஓரம் சற்றே தடிப்பாகிறது. அதன் பிறகு மேலச்சு, கீழச்சு, வில்லையைச் சுற்றிலும் தாங்கிப் பிடிக்கும் காலர் வளையம் ஆகிய மூன்றும் சேர்ந்த அழுத்தத்தில் இரு முகங்களும் விளிம்பும் ஒரே நேரத்தில் உருப்பெறுகின்றன. அச்சில் பள்ளமாகச் செதுக்கப்பட்டவை காசில் மேடாக எழுகின்றன. இலட்சக்கணக்கான முறை அழுத்தம் தாங்கும் எஃகு அச்சு களைத்து விரிசல் விடும்போது, அந்த விரிசலும் அச்சில் ஒரு பள்ளமே என்பதால், அதற்குள் உலோகம் புகுந்து காசின் மீது மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கிறது. விரிசல் பெரும்பாலும் விளிம்பை ஒட்டியோ எழுத்துகளின் முனைகளிலிருந்தோ தொடங்கி, சற்றே வளைந்து நெளிந்து அடுத்த எழுத்துக்குத் தாவும். விளிம்போரத்தில் அச்சின் ஒரு துண்டே உடைந்து விழுந்திருந்தால், காசில் அந்த இடத்தில் உருவமற்ற ஒரு கட்டி எழும்பியிருக்கும். சேகரிப்பாளர்கள் அதைக் ‘கட்’ (cud) என்று சொல்லி ஆவலோடு தேடுகிறார்கள்.

கீறல் அப்படிப்பட்டதன்று. கூரிய பொருள் ஒன்று உலோகத்தைக் கிழித்துச் செல்லும்போது, ஏர் ஓட்டிய சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவது போல, பள்ளத்தின் ஓரங்களில் உலோகம் ஒதுங்கிச் சிறு வரப்பாக நிற்கும். சிலர் அந்த வரப்பை மட்டும் பார்த்துவிட்டு மேட்டுக் கோடு என்று ஏமாறுவதுண்டு. அதன் அருகிலேயே பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். பள்ளத்தின் அடிப்பகுதி சுற்றியுள்ள பரப்பைக் காட்டிலும் புதிதாகப் பளபளத்தால், சேதம் அண்மையில் நேர்ந்தது என்றும் கொள்ளலாம்.

எல்லாப் பள்ளமும் பிற்காலச் சேதம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அச்சுக்கும் வில்லைக்கும் இடையில் ஒரு நூல் இழையோ உலோகச் சீவலோ மாட்டிக்கொண்டால் அதன் வடிவம் காசில் பள்ளமாகப் பதியும். அச்சின் எழுத்துப் பள்ளங்களில் மசகு அடைத்துக்கொண்டால் சில எழுத்துகள் மங்கியோ முற்றிலும் விடுபட்டோ வரும். இத்தகைய குறைகளில் ஒதுங்கிய உலோக வரப்பு இராது. விடுபட்ட எழுத்தின் இடமும் சுற்றுப் பரப்பைப் போலவே இயல்பாக இருக்கும். யாரேனும் எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அரத்தின் தடமோ மெருகேற்றிய தடமோ லென்ஸில் தெரிந்தே தீரும்.

உங்கள் காசில் இருப்பது உண்மையான விரிசலாகவே இருந்தாலும், மெல்லிய விரிசல்கள் புழக்க நாணயங்களில் அபூர்வமானவை அல்ல என்பதை மனத்தில் வையுங்கள். அதைச் சேகரிப்பில் வைத்துப் போற்றலாம். பெருந்தொகை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

கேள்வி: ஐந்து ரூபாய் மஞ்சள் நாணயம் ஒன்றில் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி இல்லை. எடை 5.4 கிராம் காட்டுகிறது. ‘கிளிப்’ பிழை என்று சொல்லி ஒருவர் விற்க வருகிறார். அரத்தால் தேய்த்தும் இப்படிச் செய்ய முடியுமே என்று தயங்குகிறேன். *(வாசகி, காரைக்குடி)*

பதில்: உங்கள் தயக்கம் மிகவும் நியாயமானது, இந்த வகையில்தான் போலிகள் மிகுதியாகச் செய்யப்படுகின்றன. நிக்கல் பித்தளையால் ஆன அந்த நாணயத்தின் உரிய எடை 6 கிராம், விட்டம் 23 மில்லிமீட்டர். எடைக் குறைவு உங்களுக்கு எதையும் நிரூபிக்காது. ஏனெனில் நாணயச்சாலையில் வெட்டுப்பட்டாலும் எடை குறையும், பட்டறையில் வெட்டினாலும் குறையும்.

கவனிக்க வேண்டியது உலோகம் எப்படி நகர்ந்திருக்கிறது என்பதைத்தான். உண்மையான பிறை வெட்டு, வில்லைகளை வெட்டும்போது பட்டை சரியாக முன்னே நகராமல், ஏற்கெனவே வெட்டப்பட்ட துளையின் மீது வெட்டுளி மறுபடியும் படிவதால் நேர்கிறது. அதாவது, அச்சு பதிவதற்கு முன்பே அந்த வில்லை குறைபட்டதாக இருக்கிறது. அச்சு அழுத்தும்போது வெட்டுப்பட்ட பக்கத்தில் உலோகத்தைத் தடுத்து நிறுத்தக் காலர் வளையம் தொட்டுக்கொண்டிருக்காது. ஆகவே உலோகம் அந்தப் பக்கமாக வழிய, அங்கே உள்ள எழுத்துகள் மெலிந்தும், வெட்டை நோக்கி இழுபட்டும், படிப்படியாக மங்கியும் காணப்படும். பிற்காலத்தில் வெட்டிய காசிலோ, எழுத்து முழு உயரத்தோடு வந்து வெட்டின் ஓரத்தில் கத்தரித்தாற்போல் முடிந்துவிடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அறிந்தவர் சிலரே என்பதால் போலி செய்பவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். வில்லை விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் உருளும்போது இரு பக்கமும் ஒருசேர நெருக்கப்பட்டால்தான் ஓரம் தடிக்கும். வெட்டுப்பட்ட பகுதி ஒரு பக்கத்தைக் கடக்கும் கணத்தில் அங்கே பிடிமானம் இல்லாததால், எதிர்ப்பக்கத்து ஓரமும் நெருக்குதல் இன்றித் தட்டையாகவே தங்கிவிடுகிறது. அதன் விளைவாக, முடிந்த காசில் வெட்டுக்கு எதிரே உள்ள விளிம்பு மங்கியோ மெலிந்தோ காணப்படும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லா உண்மையான வெட்டுகளிலும் இது தெளிவாகத் தெரியும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தெளிவாகத் தெரிந்தால் அது வலுவான சான்று. பட்டறையில் அரத்தால் தேய்ப்பவர் எதிர்ப்புற விளிம்பை நாணயச்சாலை செய்தது போலத் தணித்துக் காட்டுவது மிகவும் கடினம்.

இவ்விரண்டையும் லென்ஸில் பார்க்கும் வரை பணம் கொடுக்காதீர்கள். பார்க்க அனுமதிக்காதவரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: பத்து ரூபாய் நாணயத்தில் நடுவட்டம் தலைகீழாகவும் வெளிவட்டம் நேராகவும் உள்ளது. இது மிகப் பெரிய பிழை என்று சொல்கிறார்கள். உண்மையா? *(வாசகர், தென்காசி)*

பதில்: இல்லை. நாணயச்சாலையில் இது நேர்வதற்கு வழியே இல்லை.

இரு உலோக நாணயத்தில் நடுவில்லையும் வெளிவளையமும் தனித்தனியாகச் செய்யப்பட்டாலும், அச்சுக்குள் போகும்போது இரண்டும் வெறுமையாகவே இருக்கின்றன. வளையத்துக்குள் வில்லை வைக்கப்பட்டு, ஒரே அச்சு இரண்டின் மீதும் ஒரே கணத்தில் பதிகிறது. அந்த அழுத்தத்தில்தான் இரு உலோகங்களும் ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்கின்றன. நடுவில் உள்ள சிங்க முகப்பும், வளையத்தில் உள்ள நாட்டின் பெயரும் ஒரே அச்சில் செதுக்கப்பட்டவை என்பதால், ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் பதிய முடியாது. உங்கள் கையில் இருப்பது, நடுவில்லையைத் தட்டி வெளியே எடுத்துத் திருப்பிச் செருகிய காசு. இரண்டும் சந்திக்கும் கோட்டை உற்றுப் பார்த்தால் இடுக்கோ, கருவியின் தடமோ, நசுங்கலோ தென்படும். சில காசுகளில் நடுவில்லை விரலால் அழுத்தினாலே அசையும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத உண்மையான பிழை ஒன்று உண்டு. அச்சு தன் இருப்பிடத்தில் நழுவிச் சுழன்றுவிட்டால், ஒரு முகம் முழுவதும், அதாவது நடுவில்லையும் வளையமும் சேர்ந்து, மறுமுகத்தோடு ஒப்பிடத் திரும்பியிருக்கும். இதைச் சோதிப்பது எளிது. காசின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இரு விரல்களால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்புங்கள். இந்தியக் குடியரசின் புழக்க நாணயங்களில் ஒரு முகம் நேராக இருந்தால் மறுமுகமும் நேராகவே வர வேண்டும். சில பாகைகள் சாய்ந்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். தொண்ணூறு, நூற்றெண்பது பாகை அளவுக்குத் திரும்பியிருந்தால் அது போற்றத்தக்க பிழை. இதைப் போலியாகச் செய்வதும் கடினம் என்பதால், புதிய சேகரிப்பாளர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான்.

நடுவில்லையே இல்லாத வளையத்தையும் விற்கிறார்கள். வில்லை இல்லாமலே அச்சு பதிந்திருந்தால், தடுப்பார் இன்றி வளையத்தின் உலோகம் உட்புறமாக வழிந்து துளையின் ஓரம் உருமாறியிருக்கும். உட்சுவரில் வில்லையைப் பற்றியிருந்த தடம் அப்படியே ஒழுங்காக இருந்தால், வில்லை இருந்து பிறகு அகற்றப்பட்டது என்று பொருள்.

கேள்வி: ஆண்டின் கீழே எந்தக் குறியும் இல்லாத நாணயம் பிழை நாணயமா? ரூபாய்ச் சின்னம் இல்லாத பத்து ரூபாய் செல்லுமா? *(வாசகர், திருவாரூர்)*

பதில்: இரண்டும் பிழைகள் அல்ல. மும்பை நாணயச்சாலை சாய்சதுரத்தையும், ஐதராபாத் நட்சத்திரத்தையும், நொய்டா புள்ளியையும் குறியாக இடுகின்றன. கொல்கத்தா பொதுவாகக் குறி எதுவும் இடுவதில்லை. குறி இல்லாத காசு கொல்கத்தாவிலிருந்து வந்தது, அவ்வளவுதான். ரூபாய்ச் சின்னம் 2011 முதல் நாணயங்களில் இடம்பெற்றதால், அதற்கு முந்தைய பத்து ரூபாய்க் காசுகளில் அது இருக்க வாய்ப்பில்லை. தமிழகத்தில் கடைகளிலும் பேருந்துகளிலும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் வழக்கம் பரவியிருந்த காலத்தில், 2018 ஜனவரியில், அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது.

கேள்வி: ஆண்டு எண்களும் எழுத்துகளும் இரட்டையாகத் தெரியும் இரண்டு ரூபாய் நாணயம் வைத்திருக்கிறேன். இது சேதமா, பிழையா? *(வாசகி, வேலூர்)*

பதில்: உங்கள் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. அச்சு தயாரிக்கப்படும்போதே உருவம் இருமுறை சற்று விலகிப் பதிந்திருந்தால், அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு காசிலும் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். இரண்டு பதிவுகளும் உருண்டு திரண்டு நிற்கும், எழுத்துமுனைகளில் பிளவு காணும், எழுத்து இயல்பைவிடத் தடித்திருக்கும். இதுவே சேகரிப்பாளர்கள் விரும்பும் இரட்டை அச்சு. இரண்டாவது, அழுத்தி முடிந்த கணத்தில் தளர்ந்த அச்சு சற்றே அதிர்ந்து, எழுத்தின் ஓரத்தைத் தட்டிச் செல்வதால் வருவது. இதில் இரண்டாவது உருவம் தட்டையான படிக்கட்டு போலத் தாழ்ந்திருக்கும், எழுத்து தடிப்பதற்கு மாறாக மெலிந்திருக்கும். இது நாணயச்சாலைக்குள் நேர்ந்ததே ஆனாலும் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. இதற்குத் தனி மதிப்பு தருவோர் குறைவு. மூன்றாவது, காசின் மீது அடியோ உராய்வோ பட்டு எழுத்து ஒரு பக்கமாக நசுங்கியது. இதில் நசுங்கல் ஓரிரு இடங்களில் மட்டும், திசையொழுங்கு இன்றி இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் எழுத்துகள் எல்லாம் ஒரே திசையில், தட்டையான படியோடு காணப்படுவதால், இரண்டாவது வகை என்றே கருதுகிறேன்.

கேள்வி: ஒரு ரூபாய் நாணயத்தின் எண் பக்கத்தில் சிங்க முகப்பு கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்துள்ளது. அதன் அடியில் எண்ணும் மங்கலாகத் தெரிகிறது. விற்பவர் ‘புரோக்கேஜ்’ என்கிறார். *(வாசகர், திருச்சி)*

பதில்: உங்கள் கடிதத்தின் இரண்டாவது வாக்கியமே இது புரோக்கேஜ் அன்று என்று காட்டிவிடுகிறது.

புரோக்கேஜ் நேரும் விதம் இது: அச்சிடப்பட்ட ஒரு காசு வெளியேறாமல் ஓர் அச்சின் மீது ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வெற்று வில்லை வந்து விழும்போது, அதன் ஒரு முகத்தில் வழக்கம்போல் அச்சு பதிகிறது. மறுமுகத்திலோ ஒட்டியிருக்கும் காசின் மேட்டு உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதிகிறது. அந்த முகத்துக்குரிய அச்சை ஒட்டிய காசு மூடிக்கொண்டிருப்பதால், உண்மையான முழுப் புரோக்கேஜில் அந்தப் பக்கத்துக்குரிய எண்ணோ கதிரோ தெரிய இடமே இல்லை. ஒட்டிய காசு அடுத்தடுத்த அழுத்தங்களில் விரிவடைவதால், முதலில் வரும் காசில் உருவம் கூர்மையாகவும், பிறகு வருபவற்றில் பெரிதாகி மங்கியும் இருக்கும்.

உங்கள் காசிலோ எண்ணும் தெரிகிறது, இடவலம் மாறிய சிங்கமும் தெரிகிறது. முழுமையாக அச்சிடப்பட்ட இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் சேர்த்து நெரித்தால் இப்படித்தான் வரும். அவ்வாறு நெரிக்கும்போது எண்ணின் மேற்பரப்பு நசுங்கித் தட்டையாகியிருக்கும். இடுக்கியின் தாடையோடு ஒட்டியிருந்த மறுமுகத்தின் உயர்ந்த பகுதிகளும் நசுங்கியிருக்கும். இரண்டையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெருமதிப்புள்ள பிழையைப் போல ஒன்றை உருவாக்கி ஆர்வலர்களிடம் விற்பது மோசடி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடை செய்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: பழைய தடித்த ஐந்து ரூபாய் ஒன்று மெல்லியதாக, 7 கிராம் எடையில் இருக்கிறது. மெல்லிய வில்லையில் அச்சிட்டதாக இருக்குமா? *(வாசகர், சேலம்)*

பதில்: விட்டத்தை அளந்து பாருங்கள். அந்தச் செப்பு நிக்கல் நாணயத்தின் எடை 9 கிராம், விட்டம் 23 மில்லிமீட்டர். மெல்லிய வில்லையில் அச்சிட்டிருந்தாலும் காலர் வளையம் அதே அளவினதுதான் என்பதால் விட்டம் பெரும்பாலும் குறையாது; உருவத்தின் உயர்ந்த பகுதிகள் சரிவரப் பதியாமல் இருக்கும். அமிலத்தில் ஊறிய காசிலோ உலோகம் எல்லாப் பக்கமும் கரைவதால் விட்டமும் சுருங்கும், எழுத்துகள் மெலிந்து நூலாகும், விளிம்பின் வேலைப்பாடு அழியும், பரப்பு சொரசொரப்பாக மாறும்.

கேள்வி: என் பிழை நாணயத்தைப் பெருந்தொகைக்கு விற்றுத் தருவதாகவும், ரிசர்வ் வங்கிக்குக் கட்டணமாக முன்பணம் அனுப்ப வேண்டும் என்றும் தொலைபேசியில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? *(வாசகி, நாகர்கோவில்)*

பதில்: அனுப்பாதீர்கள். தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திப் பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் பறிப்பதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. இத்தகைய விற்பனைகளில் அது ஈடுபடுவதும் இல்லை, தன் சார்பில் கட்டணம் வாங்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவும் இல்லை. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

கேள்வி: இராசராசன் செப்புக்காசு ஒன்றில் நிற்கும் உருவம் ஓரமாக ஒதுங்கி, பாதி வெளியே போய்விட்டது. இதையும் ‘ஆஃப் சென்டர்’ பிழையாகக் கருதலாமா? *(வாசகர், தஞ்சாவூர்)*

பதில்: கருத வேண்டாம். இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாம் இயந்திரத்தில், காலர் வளையத்துக்குள் அச்சிட்ட காசுகளுக்கே பொருந்தும். சோழர் காசுகள் அச்சின் மீது வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்டவை. வில்லையை நிறுத்தி நடுவாக்க எதுவும் இல்லாததால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்குவதும், ஓரம் வெடிப்பதும், வட்டம் கோணுவதும் அவற்றின் இயல்பு. முகலாயர் ரூபாய்களிலும் அச்சு பெரிதாகவும் வில்லை சிறிதாகவும் இருந்ததால் வாசகம் முழுவதும் ஒரு காசில் கிடைப்பது அரிது. இவற்றில் உருவம் நடுவே அமைந்து, எழுத்து முழுமையாகத் தெரியும் காசுக்கே கூடுதல் மதிப்பு. ஆகவே பிழை என்று சொல்லி யாராவது உயர்ந்த விலை கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பழைய வெள்ளி ரூபாய்களில் காணும் சிறு முத்திரைக் குத்துகளும் இவ்வாறே நாணயச்சாலைப் பிழைகள் அல்ல. வெள்ளியின் தரத்தைச் சோதித்த சராபுகள் (காசு மாற்றும் வணிகர்கள்) இட்ட அடையாளங்கள் அவை. அவற்றை வரலாற்றுத் தடயமாக மதிப்போரும் உண்டு. உங்கள் சோழர் காசில், அமர்ந்த உருவம் உள்ள மறுபக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயர் இருக்க வேண்டும். அது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அதற்காகப் புளியாலோ பொடியாலோ தேய்த்து விடாதீர்கள், மேற்பரப்பில் படிந்த பச்சை நிறம் போனால் காசின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.